மழை நோட்டின் காலிக் கட்டங்களும் நெற்பொலியின் வளைவும்

அம்பாசமுத்திரத்தில் என் மாமா ஒருவர் மழைக் கணக்கு எழுதுகிறார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பேப்பரில் அணை நீர்மட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் மழையளவு போட்டிருப்பார்கள் அல்லவா, அதைப் பார்த்து ஒரு நீள நோட்டில் ஏற்றிக்கொண்டே வருவார். இடது ஓரத்தில் ஊர்ப்பெயர்: ஊத்து, நாலுமுக்கு, பாபநாசம், அம்பை (அம்பாசமுத்திரம்தான்), சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என்று மலையிலிருந்து இறங்கி வரும். மேலே மாதம். சில மாதம் சில ஊருக்கு அளவே கிடைக்காது, கட்டம் காலியாகக் கிடக்கும். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் அதில் பென்சிலால் ஒரு எண் எழுதியிருக்கும்.

"இது எங்கேருந்து வந்துச்சு மாமா?"

"ஊத்துல எவ்வளவு, பாளையங்கோட்டையில எவ்வளவுன்னு தெரியுது. அது சாரல் மாசமா அடைமழை மாசமான்னும் தெரியுது. பொறவு அம்பைக்கு என்னன்னு சொல்லத் தெரியாதாக்கும்?"

அவர் பென்சிலால் செய்வதற்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு: தரம் குறைந்த அணியை நிரப்புதல். கடந்த இருபது வருடங்களாக இதற்குப் பல வழிகள் வந்துவிட்டன. அவற்றில் எனக்குப் பிடித்தது, அணிகளை எண் அட்டவணையாகப் பார்க்காமல் வளைந்த பரப்பின் மேல் உள்ள புள்ளிகளாகப் பார்க்கும் வழி. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். கையில் நான்கு ஊர் மழையை வைத்துக்கொண்டு பார்த்தால் அவ்வளவு பயம் தேவையில்லை.

முதலில் தரம். நெல்லைச் சீமையின் மழை பெரும்பாலும் இரண்டு பருவத்துக்குக் கட்டுப்பட்டது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு. அது மலையில் கொட்டும், குற்றாலத்தில் சாரலாக விழும், சமவெளிக்கு வருவதற்குள் காற்றுதான் மிச்சம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. சமவெளிக்கும் கடற்கரைக்கும் மழை என்றால் அதுதான். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் அமைந்ததே இந்த இரண்டு மழையால்தான். ஆக, எந்த ஊரின் மழையையும் 'தென்மேற்கில் இவ்வளவு பங்கு, வடகிழக்கில் இவ்வளவு பங்கு' என்று இரண்டே எண்ணில் ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

ஓர் உதாரணம். எண்கள் நான் கணக்குக்காகச் சென்டிமீட்டரில் போட்டவை, வானிலைத் துறையின் அளவுகள் அல்ல. ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பர் என நான்கு மாதம் எடுத்துக்கொள்வோம். தென்மேற்கின் கோலம், அதாவது ஒரு பங்குக்கு மாதாமாதம் பெய்யும் அளவு, 4, 3, 1, 0. வடகிழக்கின் கோலம் 0, 0, 3, 4. ஊத்துக்குத் தென்மேற்கில் 10 பங்கு, வடகிழக்கில் 6. அம்பைக்கு 2, 4. பாளையங்கோட்டைக்கு 1, 4. திருச்செந்தூருக்கு 0, 5. பெருக்கிக் கூட்டினால் நோட்டு இப்படி வரும்:

ஊத்து: 40, 30, 28, 24
அம்பை: 8, 6, 14, 16
பாளையங்கோட்டை: 4, 3, 13, 16
திருச்செந்தூர்: 0, 0, 15, 20

அம்பையின் அக்டோபர் கட்டம் காலி என்று வையுங்கள். ஜூனில் 8 என்றால் தென்மேற்குப் பங்கு 2, நவம்பரில் 16 என்றால் வடகிழக்குப் பங்கு 4. அக்டோபர் 2-ம் 12-ம் சேர்ந்து 14. மாமா மனசுக்குள் போட்டது இதே கணக்குத்தான். இரண்டு கோலத்தில் அடங்கிவிடுவதால் இந்த அணியின் தரம் 2. கோலம் இரண்டு என்பது மாமாவுக்குத் தெரியும், அவை எப்படி இருக்கும் என்பதும் தெரியும். கணினிக்கு இரண்டாவது விஷயம் தெரியாது. கோலத்தையும் பங்கையும் சேர்த்தே அது கண்டுபிடிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தப் பிரச்சினை ஊரறிந்ததாக ஆனதற்கு நெட்ஃபிளிக்ஸ் ஒரு காரணம். 2006-ல் அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. 4,80,189 பேர் 17,770 படங்களுக்குப் போட்ட மதிப்பெண் அட்டவணை. மொத்தம் சுமார் 853 கோடி கட்டம், நிரம்பியிருந்தது சுமார் 10 கோடி, அதாவது நூற்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை. மீதியை ஊகிக்க வேண்டும். 2009-ல் பரிசு கொடுக்கப்பட்டது. அதே 2009-ல் எமானுவேல் கான்டெஸ், பெஞ்சமின் ரெக்ட் இருவரும் ஒரு தேற்றத்தை வெளியிட்டார்கள்: அணியின் தரம் குறைவாக இருந்து, கட்டங்கள் போதிய அளவு அங்கங்கே சிதறித் தெரிந்து, அணியின் சத்து ஒரு சில கட்டங்களில் குவியாமல் பரவியிருந்தால், மீதியைத் துல்லியமாக மீட்கலாம். அவர்கள் வழி, தரம் என்ற முரட்டு நிபந்தனையை விட்டுவிட்டு, அணியின் சிங்குலர் மதிப்புகளின் (ஒவ்வொரு கோலமும் அணியில் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று காட்டும் எண்கள்) கூட்டுத்தொகையைச் சிறிதாக்குவது. அப்படிச் செய்தால் பிரச்சினை ஒரே பள்ளம் உள்ள கிண்ணம் மாதிரி ஆகிவிடும், எங்கிருந்து உருட்டினாலும் அடிக்குப் போய்ச் சேரும். அழகான வழி, ஆனால் செலவு அதிகம். சாதாரணமாகச் செய்தால் ஒவ்வோர் அடியிலும் பெரிய அணியை முழுசாகக் கையாள வேண்டும்.

எளிய ஆள் யோசிப்பது வேறு. தரம் 2 என்று தெரியும்போது எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? பங்குகளை ஓர் அட்டவணையாகவும் கோலங்களை இன்னோர் அட்டவணையாகவும் வைத்து, இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணுக்கும் தெரிந்த கட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தைக் குறைத்துக்கொண்டே போவோம். நெட்ஃபிளிக்ஸ் போட்டியில் பலரும் செய்தது இந்த மாதிரிதான். நன்றாகவே ஓடும். ஆனால் இதற்குள் ஒரு கள்ளம் ஒளிந்திருக்கிறது.

தென்மேற்கின் கோலத்தை 4, 3, 1, 0 என்பதற்குப் பதில் 8, 6, 2, 0 என்று எழுதி, எல்லா ஊரின் தென்மேற்குப் பங்கையும் பாதியாக்கினால் மழை மாறுமா? மாறாது. இன்னும் குறும்பாக, வடகிழக்கின் கோலத்தோடு தென்மேற்கின் கோலத்தையும் கூட்டி 4, 3, 4, 4 என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது பாளையங்கோட்டையின் பங்கு 1, 4 என்பது மைனஸ் 3, 4 என்று ஆகும். மைனஸ் மூன்று பங்கு தென்மேற்கு மழைக்கு அர்த்தமே கிடையாது, ஆனால் பெருக்கிக் கூட்டினால் அதே 4, 3, 13, 16. நோட்டு ஒன்றுதான், அதை எழுதும் விதம் எண்ணற்றது.

எழுதும் விதம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். பங்கு 3, கோலம் 4, பெருக்கினால் 12. வர வேண்டியது 14. பங்கையும் கோலத்தையும் நகர்த்தினால் பிழையின் வர்க்கம் எவ்வளவு வேகமாகக் குறையும் என்ற சரிவைப் பார்த்து, அதில் நூறில் ஒரு பங்கு அடி வைத்தால் பங்கு 3.16, கோலம் 4.12 ஆகும், பெருக்கல் 13.02. சரி, பதினாலை நோக்கி ஒழுங்காக நகர்கிறது. இப்போது அதே 12-ஐப் பங்கு 300, கோலம் 0.04 என்று எழுதியிருந்தோம் என்று வையுங்கள். அதே விதி, அதே நூறில் ஒரு பங்கு அடி. பங்கு 300.0016, கோலம் 12.04. பெருக்கல் 3,612. அம்பையில் ஒரே மாதத்தில் மூவாயிரத்து அறுநூறு சென்டிமீட்டர்! மழை மாறவில்லை, ஊர் மாறவில்லை, எழுதிய விதம் மாறியதற்கே இந்தக் கூத்து.

பொருள் வேறு, அதன் பெயர் வேறு. கணக்கு நடக்க வேண்டியது பொருளின் மேல். வடிவியல் இங்கே உள்ளே வருவது இதற்காகத்தான். வளைவு, மேனிஃபோல்டு என்ற பெரிய வார்த்தையெல்லாம் அப்புறம்.

உண்மையில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நான்கு ஊர், ஆளுக்கு இரண்டு பங்கு, 8 எண். இரண்டு கோலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு மாதம், 8 எண். ஆக 16. அணியிலும் 16 கட்டம்தான், மிச்சமே பிடிக்கவில்லையே என்று தோன்றும். ஆனால் கோலங்களைக் கலந்து வேறு கோலமாக எழுதும் விளையாட்டுக்கு இரண்டுக்கு இரண்டு, 4 எண் வீணாகப் போகிறது. நிஜமான சுதந்திரம் 12. சூத்திரமாகச் சொன்னால், ஊர்களையும் மாதங்களையும் கூட்டி, தரத்தைக் கழித்து, வந்ததைத் தரத்தால் பெருக்க வேண்டும். 100 ஊர், 30 வருடம், அதாவது 360 மாதம் என்றால் கட்டம் 36,000, சுதந்திரம் வெறும் 916. முப்பத்தாறாயிரம் பரிமாண வெளிக்குள் தொள்ளாயிரத்துச் சொச்சம் பரிமாணமுள்ள ஒரு பரப்பு. தரம் சரியாக 2 உள்ள அணிகள் எல்லாம் அந்தப் பரப்பின் மேல் இருக்கின்றன. அது தட்டையானது அல்ல, தரம் 2 உள்ள இரண்டு அணிகளைக் கூட்டினால் தரம் 4 வரை போகலாம். ஆனால் கரடுமுரடும் அல்ல, எங்கே நின்று பார்த்தாலும் காலடியில் வழவழப்பாகத்தான் இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டுக்கு இரண்டு சமச்சீர் அணியில் மூன்றே எண்: மூலைவிட்டத்தில் இரண்டு, ஓரத்தில் ஒன்று. மூன்று எண் என்றால் வெளியில் ஒரு புள்ளி. அதில் தரம் 1 அல்லது அதற்கும் குறைவாக இருப்பவற்றை மட்டும் பொறுக்கினால் ஒரு கூம்பு கிடைக்கும். களத்தில் கூட்டி வைத்த நெற்பொலி மாதிரி (அதற்குத் தலைகீழாக இன்னொரு பொலியும் முனையோடு முனை ஒட்டி நிற்கும், அதை விடுங்கள்). பொலியின் சரிவில் ஒரு சுளகைச் சாய்த்து வைத்தால் நெல்லோடு ஒட்டி நிற்கும். அதுதான் தொடுதளம். வளைந்த பொலியின் மேல் அந்த இடத்தில் மட்டும், தட்டையான சுளகை வைத்துக் கணக்குப் போடலாம். உச்சிக்குக் கொண்டுபோய்ச் சுளகை வைத்துப் பாருங்கள், இப்படியும் ஆடும், அப்படியும் ஆடும், எது தொடுதளம் என்று சொல்ல முடியாது. அந்த உச்சி பூச்சிய அணி, தரம் 0. அதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

இனி நடக்கும் விதம். பரப்பின் மேல் ஓரிடத்தில் நிற்கிறோம். தெரிந்த கட்டங்களில் உள்ள பிழை, முழு வெளியில் ஒரு திசையைக் காட்டும். அந்தத் திசை பரப்பை விட்டு ஆகாயத்தில் போகலாம். அதன் நிழலைச் சுளகின் மேல் விழவைக்கிறோம். மழைக் கணக்கில் இந்த நிழலுக்கு நல்ல அர்த்தம் இருக்கிறது. இருக்கிற கோலத்துக்கு ஊர்ப் பங்கு மாறலாம், அது அனுமதி. இருக்கிற பங்குக்குக் கோலம் மாறலாம், அதுவும் அனுமதி. புதுப் பங்கும் புதுக் கோலமும் சேர்ந்தே வந்தால் அது மூன்றாவது பருவமழை ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருவது, அதைத் தள்ளிவிடுகிறோம். நாலுக்கு நாலு அணியில் அனுமதிக்கப்பட்ட திசைகள் 12, தள்ளப்பட்டவை 4.

சுளகின் மேல் ஓர் அடி வைத்ததும் கால் நெல்லை விட்டுக் கொஞ்சம் உயர்ந்திருக்கும். திரும்ப மண்ணில் ஊன்ற வேண்டும். அதற்கு ஒரு பழைய கருவி உண்டு. எக்கார்ட், யங் என்ற இருவர் 1936-ல் காட்டியது: எந்த அணிக்கும் தரம் 2 உள்ள மிக நெருங்கிய அணி வேண்டுமானால், சிங்குலர் மதிப்புகளில் பெரிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டு. 36,000 கட்ட அணிக்கு இதை ஒவ்வோர் அடியிலும் செய்வது கட்டுபடியாகுமா? ஆகும், ஏனென்றால் தொடுதளத்தில் வைத்த அடி எவ்வளவு நீளமானாலும் தரம் 4-ஐத் தாண்டாது. ஆக உண்மையில் வெட்ட வேண்டியது நாலுக்கு நாலு அணி ஒன்றைத்தான். மீதி வேலை ஒல்லியான அட்டவணைகளின் மேல் நடக்கும் பெருக்கல். முழு அணியை எங்கேயும் எழுதிப் பார்க்கவே வேண்டியதில்லை. இந்த முறை ஓடுவதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான் என்பேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வெறும் சரிவைப் பார்த்து இறங்குவதைவிட, போன அடியில் போன திசையையும் கொஞ்சம் கலந்துகொண்டால் வேகம் கூடும். தட்டைத் தரையில் அது சுலபம். வளைந்த பரப்பில் போன அடியின் திசை போன சுளகின் மேல் இருந்தது, இப்போது நிற்பது வேறு சுளகு. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் புரியும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் 'நேரே' என்று இருந்த திசையில் வளைவுக்கு அப்புறமும் போனால் பஸ் பள்ளத்தில்தான். பழைய திசையைப் புதிய தளத்துக்குப் பெயர்த்து வைத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்து அணி நிரப்பலுக்கு ஒரு முழு வழிமுறையாகப் பார்ட் வாண்டரெய்க்கன் 2013-ல் வெளியிட்டார்.

அவர் போனது அணியையே பொருளாக வைத்து அதன் மேல் நடக்கும் பாதை. இன்னொரு பாதை, பங்கு அட்டவணையையும் கோல அட்டவணையையும் வைத்துக்கொண்டே, ஒரே மழையைத் தரும் எல்லா ஜோடிகளையும் ஒரே புள்ளி என்று கட்டிப் பார்ப்பது. நம் ஊர்க்காரர் ஒருவருக்கு, இந்தியாவைச் சொல்கிறேன், இதில் பங்கு உண்டு. பாம்தேவ் மிஸ்ரா பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் செய்த வேலை இதைச் சுற்றித்தான். அங்கே முக்கியமான கேள்வி, ஓர் அடியின் நீளத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்பது. பங்கை நகர்த்தும் அடியைக் கோலத்தின் வர்க்கத்தாலும், கோலத்தை நகர்த்தும் அடியைப் பங்கின் வர்க்கத்தாலும் வகுத்துவிடு. முன்னே போட்ட கணக்கில் இதைச் செய்து, பத்தில் ஒரு பங்கு அடி வைத்துப் பார்த்தேன். 3, 4 என்று எழுதியிருந்தால் 3.1, 4.133. பெருக்கல் 12.81. 300, 0.04 என்று எழுதியிருந்தால் 310, 0.04133. பெருக்கல் அதே 12.81. மூவாயிரத்து அறுநூறு போன இடம் தெரியவில்லை. எப்படி எழுதினாலும் மழை ஒரே மாதிரி நகர்கிறது. இதே வகுத்தல் 2021-ல், வடிவியலை முன்னிறுத்தாமல் அளவு திருத்திய சரிவு முறை என்ற உருவிலும் வந்தது.

வரலாறு கொஞ்சம். வளைந்த வெளியில் ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனி அளவுகோல் என்ற எண்ணம் ஜெர்மன் கணித மேதை ரீமான் 1854-ல் ஆற்றிய உரையில் பிறந்தது. பரப்பின் மேல் நடந்து உத்தமமான புள்ளியைத் தேடலாம் என்று லூயன்பெர்கர் 1972-ல் எழுதினார். அதை அணிக் கணக்குக்காரர்கள் கையில் எடுத்துப் பயன்படுத்தும்படி செய்தது எடல்மன், அரியாஸ், ஸ்மித் மூவரின் 1998 கட்டுரை. 2008-ல் அப்சில், மஹோனி, செபுல்கர் மூவரும் பாடநூலாகவே எழுதினார்கள். 2014-ல், மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளுக்கான மேன்ஆப்ட் தொகுப்பைப் பற்றிய கட்டுரை வந்தது. நிகோலா பூமாலும் மிஸ்ராவும் அதன் ஆசிரியர்களில் உண்டு. அதற்குப் பின் தொடுதளம், நிழல், ஊன்றல் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டிய தொல்லை போயிற்று. பைத்தான் நிரல்மொழியிலும் அதன் தம்பி ஒன்று இருக்கிறது.

வளைந்த பரப்பில் இறங்கினால் ஏதாவது குட்டிப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ள மாட்டோமா? நியாயமான சந்தேகம், கிண்ணம் கொடுத்த உறுதி இங்கே இல்லை. 2016-ல் கே, லீ, மா என்ற மூவர் ஓர் ஆறுதல் சொன்னார்கள். கான்டெஸ் கேட்டது போன்ற நிபந்தனைகள் இருந்து, பிழையோடு, எண்கள் அளவு மீறாமல் தடுக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டு உறுப்பையும் சேர்த்துக்கொண்டால், சமச்சீரான ஒரு வகை அணிகளை நிரப்புவதில் பொய்ப் பள்ளங்கள் கிடையாது. மாட்டுவதானால் குதிரைச் சேணம் மாதிரி இடங்களில்தான், அங்கிருந்து இறங்க எப்போதும் ஒரு வழி இருக்கும்.

இப்போது பொலியின் உச்சிக்கு வருவோம். நம் பரப்பில் இருப்பவை தரம் சரியாக 2 உள்ள அணிகள். தரம் 1 உள்ளவை அதன் விளிம்பில் நிற்கின்றன, பரப்புக்குள் சேர்த்தி இல்லை. வடகிழக்குப் பங்கு எல்லா ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போனால், தரம் 2 உள்ள அணிகளின் வழியாகவே நடந்து தரம் 1-ன் வாசலுக்கு வந்துவிடுவோம். கிட்டே போகப் போக வளைவு கூர்மையாகும். மிகச் சிறிய சிங்குலர் மதிப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு கூர்மை. சுளகு விரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிடும், அடியும் அந்த அளவுதான் வைக்க முடியும்.

மாமாவின் நோட்டில் எனக்கு நடந்தது இதுதான். ஆர்வக்கோளாறில் தரத்தை 3 என்று வைத்து என் கணினி நிரலை ஓட்டினேன். மூன்றாவது கோலம் என்று ஒன்று நோட்டில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நிரல் நகரவும் இல்லை, நிற்கவும் இல்லை, பொடி அடி வைத்துக்கொண்டு உச்சியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கோளாறு நிரலில் என்று அதைப் பிரித்து மேய்ந்ததில் ஒரு ராத்திரி போயிற்று. கோளாறு என் மூன்றில். தரம் எத்தனை என்று எந்த வடிவியலும் தானாகச் சொல்லாது. கீழிருந்து ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய், மறைத்து வைத்த கட்டங்களில் பிழை குறைவது நின்ற இடத்தில் நிறுத்துவதுதான் உருப்படியான வழி. கார், பிசானம் என்று இரண்டே சொல்லி வைத்தவர்களை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

தேற்றங்களின் நிபந்தனையைப் படிக்காமல் தாண்டிப் போவதால் வரும் வினை இன்னொன்று. கட்டங்கள் அங்கங்கே சிதறிக் காலியாக இருக்க வேண்டும், சத்து ஓரிடத்தில் குவியக் கூடாது என்று பார்த்தோம் அல்லவா? 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பயணிகள் ரயிலிலேயே மாட்டிக்கொண்ட அந்த மழை. தினசரி அட்டவணையில் அது ஒற்றைக் கட்டத்தில் குத்திட்டு நிற்கும் எண். அதை எந்த இரண்டு கோலத்தாலும் சொல்ல முடியாது. அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால் பக்கத்து ஊர்களையும் பக்கத்து நாட்களையும் பார்த்துச் சாதுவான ஓர் எண்ணை நிரல் போட்டிருக்கும். காலியாக இல்லாமல் இருந்தாலும் வம்புதான். வர்க்கப் பிழை என்பதால் அந்த ஒரு எண்ணுக்காக எல்லா ஊரின் பங்கும் இழுபடும். கான்டெஸ், லி, மா, ரைட் நால்வரும் 2011-ல் சொன்னது போல, அணியைத் தரம் குறைந்த பாகம், ஆங்காங்கே குத்திட்டு நிற்கும் பாகம் என்று இரண்டாகப் பிரித்து எடுப்பது இதற்கு மருந்து. முதல் பாகத்தை அதே வளைந்த பரப்பின் மேல் நடந்தே தேடலாம்.

மருந்துக்கும் அடங்காத ஒன்று இருக்கிறது. கனமழை அன்றுதான் மழைமானி நிரம்பி வழியும், அன்றுதான் அளக்கப் போகிறவருக்குப் பாதை இருக்காது. காலிக் கட்டம் சும்மா சிதறி விழவில்லை, மழையே பார்த்து எழுதிய காலி அது. மாமாவின் நோட்டில் அந்த வாரத்துக்கு மட்டும் தனித் தாள் ஒட்டி, நாள் வாரியாக எழுதியிருக்கிறார். அதில் இரண்டு ஊருக்கு எண் இல்லை. பென்சிலும் படவில்லை. என் நிரல் இரண்டு கட்டத்திலும் எண் போட்டுக் கொடுத்தது. அவரிடம் காட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டையும் அழித்துவிட்டேன்.